கனகாம்பரத்தின் பக்கம்

வீட்டுக்குப் பின்னால் நாலடி மண் இருந்தாலும் சரி, மொட்டை மாடியில் இரண்டு தொட்டி வைக்க இடம் கிடைத்தாலும் சரி, தமிழ்நாட்டில் முதலில் வந்து நிற்பது மல்லிகைப் பதியன்தான். ரோஜா வைக்கலாமா என்று யோசிப்பார்கள். செம்பருத்தி சாமிக்கு ஆகும் என்று சொல்லி வைப்பார்கள். மல்லிகைக்கு மட்டும் யாரும் காரணம் கேட்பதில்லை. அதே வீட்டில் வாசற்படி ஓரத்திலோ, கிணற்றடியிலோ, தண்ணீர்த் தொட்டி நிழலிலோ யாரும் நடாமல் ஒரு கனகாம்பரம் முளைத்து, தன் பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கும். மல்லிகைச் சரம் கட்டும்போது நிறத்துக்கு வேண்டும் என்று அதில் நாலு பூ கிள்ளிக்கொள்வார்கள். அதோடு அந்தச் செடியை மறந்துவிடுவார்கள்.

இரண்டுமே ஒருமுறை வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கிற செடிகள். இரண்டும் ஒரே சரத்தில், ஒரே தலையில் சேர்ந்து இருப்பவை. எனக்கு இரண்டோடும் நெடுநாள் பழக்கம். இடம் குறைவாக உள்ளவர்கள் எதை வைக்கலாம் என்று கேட்டால், நான் கனகாம்பரத்தைத்தான் முதலில் சொல்வேன். கேட்டவர்கள் முகம் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் எனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் மல்லிகையின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அது கேட்பது வெயில். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். அரை வெயிலில் வைத்தால் இலை பளபளவென்று தழைக்கும், கொடி ஓடும், மொட்டு மட்டும் வராது. வீட்டில் மல்லிகை பூக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உரக்கடைக்குப் போய்ப் பலவிதமான பொடியும் திரவமும் வாங்கி ஊற்றுகிறார்கள். தொட்டியை நாலடி நகர்த்தி வெயிலில் வைத்தால் போதும்.

அடுத்தது கவாத்து. குண்டுமல்லியின் பூ, புதிதாகத் துளிர்த்த கிளையின் நுனியில்தான் வரும். பழைய கொம்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதனால் பயனில்லை. அதனால்தான் நவம்பர் கடைசி வாரத்தில், கார்த்திகை மழை ஓய்கிற சமயத்தில், தண்ணீரைச் சில நாள் நிறுத்திவிட்டு, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் செடியை ஒட்ட வெட்டச் சொல்கிறார்கள். பிச்சிக்கு அது டிசம்பர் கடைசி. முல்லைக்கு ஜனவரி கடைசி. வெட்டி, இலையை உருவி, தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விட்டால், மாசி பங்குனியில் துளிரும் மொட்டுமாக வரும். ஆடி வரைக்கும் பூதான். வயல்காரர்களுக்கு இதில் தயக்கமில்லை. வீட்டில் வளர்ப்பவர்களுக்குப் பச்சையாக நிற்கிற செடியைக் கத்தரிக்கோலால் மொட்டையடிக்க மனம் வருவதில்லை. பாவம் என்று விட்டுவிடுகிறார்கள். செடி அடுத்த ஆண்டு பந்தலில் ஏறிப் படர்கிறது, பூ எண்ணிக்கையில் வருகிறது. மல்லிகையை வைத்துக்கொள்கிறவருக்கு ஆண்டுக்கொருமுறை மனதைக் கல்லாக்கிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் அது ஒரு மாலை நேரத்தில் ஈடுகட்டிவிடுகிறது. அதை மறுப்பதற்கில்லை. சித்திரை மாதத்தில் மாலை ஐந்தரைக்குச் செடி முன்னால் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். காலையில் பச்சை சாயலோடு இருந்த மொட்டு நாள் முழுக்க வெளுத்துக்கொண்டே வந்து, இப்போது பால் வெள்ளையாக நிற்கும். இதழ்கள் ஒன்றின் மேல் ஒன்று சுற்றி இறுக்கமாக இருக்கும். வெளிச்சம் இறங்கத் தொடங்கியதும் நுனி முதலில் தளரும். வெளிச்சுற்று இதழ் ஒன்று விலகி நிற்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மூன்று இதழ் பிரிந்திருக்கும். அந்தப் பிரிவுக்குப் பிறகுதான் வாசனை. மூடிய மொட்டை மூக்கருகில் கொண்டுபோனால் பச்சை வாடை மட்டும்தான் அடிக்கும். விரிந்த அதே மொட்டு பக்கத்து வீட்டு மாடி வரைக்கும் எட்டும். பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் என்று வேதியியலாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இண்டோல் தனியாக, அடர்த்தியாக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய பொருள். துளியிலும் துளியாக மற்றவற்றோடு கலக்கும்போதுதான் மல்லிகைக்கு அந்தக் கனமும் மயக்கமும் வருகிறது.

செடியிலிருந்து விடிகாலையில் பறித்துவிட்ட மொட்டும் மாலையானால் தானாகவே விரியும். மல்லிகை வணிகம் முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது. இருட்டோடு பறித்து, மதுரை மாட்டுத்தாவணிக்கு வந்து, கட்டி, பேருந்திலும் விமானத்திலும் ஏறி, எங்கோ ஒரு ஊரில் கூந்தலில் உட்கார்ந்த பிறகு அது விரிகிறது. சீனத்தின் ஃபூசோ நகரத்தில் இதே குணத்தை வேறுவிதமாகப் பயன்படுத்தினார்கள். அங்கும் இதே குண்டுமல்லி இனம்தான். பறித்த மொட்டை இரவில் தேயிலையோடு கலந்து பரப்பி வைக்கிறார்கள். மொட்டு விரியும்போது வருகிற வாசனையைக் காய்ந்த தேயிலை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பூவைப் பிரித்தெடுத்துவிட்டு, அடுத்த நாள் புது மொட்டோடு மறுபடியும். அந்த வேளாண் மரபை 2014இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உலகின் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. பிலிப்பைன்ஸ் 1934இலேயே இந்தப் பூவைத் தேசிய மலராக்கிவிட்டது. இத்தனை மரியாதை பெற்ற பூவுக்கு நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை.

ஆனால் மறுநாள் காலையில் அதைப் பாருங்கள். ஓரம் பழுப்பேறி, ஈரம் வற்றி, சரத்தில் பாதி உதிர்ந்து தலையணையில் கிடக்கும். மல்லிகை தருவது ஒரு பொழுது. அந்தப் பொழுதுக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும், மாலையில் உட்கார நேரம் இருக்க வேண்டும், அது பூக்கிற மாதங்களில் ஊரில் இருக்க வேண்டும்.

கனகாம்பரம் அப்படி நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை. குளிர் கொஞ்சம் கூடினால் தயங்கும், கனமழையில் சோரும். மற்றபடி ஆண்டு முழுக்க எப்போது எட்டிப் பார்த்தாலும் எங்காவது ஒரு கதிர் பூவோடு நிற்கும். கதிர் என்று சொன்னேன். அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நாலு பட்டையாக, பச்சைச் செதில்கள் அடுக்கடுக்காக, விரலால் தடவினால் மெல்லிய ரோமம் தட்டுப்படும். பூ கீழ் அடுக்கிலிருந்து தொடங்கும். இன்று கீழே இரண்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ மேலடுக்கில் இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு கதிர் பூத்து முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் பக்கத்துக் கணுவில் அடுத்த கதிர் தலைநீட்டியிருக்கும். எத்தனை மொட்டு மிச்சம், எத்தனை நாள் பூ கிடைக்கும் என்று கதிரைப் பார்த்தே ஒருவர் சொல்லிவிடலாம்.

பூவின் அமைப்பு இன்னும் விசேஷம். நூல் போன்ற ஒரு குழல். அதன் நுனியில் இதழ் ஒரே பக்கமாக விரிகிறது. மேற்பக்கம் ஒன்றுமே இல்லை. ஐந்து மடலும் கீழ்ப்புறமாகச் சேர்ந்து ஒரே தட்டாக நிற்கும். தனியாக எடுத்துப் பார்த்தால் யாரோ பாதியைக் கிழித்துவிட்ட பூ என்றே தோன்றும். கதிரில் பார்த்தால்தான் அதன் காரணம் புரியும். ஒவ்வொரு பூவும் கதிருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளிப்புறமாகத் திரும்பி நிற்கிறது. மேற்பக்க இதழ் இருந்திருந்தால் செதிலில் இடித்திருக்கும். இடம் இல்லாத பக்கத்தில் இதழே வேண்டாம் என்று விட்டுவிட்டு, வண்ணத்துப்பூச்சி வந்து உட்காரும் பக்கத்தில் அத்தனையையும் விரித்து வைத்திருக்கிறது. பகல் பூ அது. வெள்ளை நிறமும் இரவு வாசனையும் வைத்து அந்துப்பூச்சியைக் கூப்பிடுகிறது மல்லிகை; கனகாம்பரத்துக்கு வெளிச்சத்தில் தெரிகிற நிறம் போதும். வாசனை அதற்குத் தேவைப்படவில்லை. வாசனையில்லை என்று நாம் குறை சொல்கிற இடத்தில் அந்தச் செடிக்கு ஒரு குறையும் இல்லை.

பறிப்பதிலும் வித்தியாசம் உண்டு. மல்லிகை மொட்டை நகத்தால் கிள்ள வேண்டும். கனகாம்பரத்தைக் குழலைப் பிடித்து லேசாக இழுத்தால் போதும், கதிருக்கு ஒரு சேதமும் இல்லாமல் கையோடு வந்துவிடும். விரிந்த பிறகுதான் பறிக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாலும் நட்டமில்லை, பூ செடியிலேயே காத்திருக்கும். கனமே கிடையாது. முறம் நிறையப் பறித்தாலும் தராசில் ஏறாது. கட்டுவதற்கு அதிகப் பொறுமை வேண்டும். மல்லிகையில் இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு வைத்து நாரைச் சுற்றினால் முடிச்சு நிறைந்துவிடும். கனகாம்பரத்தில் நாலும் ஐந்துமாக, குழல்களை ஒன்றாகச் சேர்த்து, இதழ் தட்டு வெளிப்பக்கம் வரும்படி திருப்பிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். நார் இறுகினால் குழல் அறுந்துவிடும், தளர்ந்தால் பூ நழுவிவிடும். பழகிய கைகள் அதைப் பார்க்காமலே செய்யும். எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா ஒருவர் பேசிக்கொண்டே கட்டுவார். "மல்லி யார் வேணா கட்டலாம் தம்பி, கனகாம்பரம் கட்டத் தெரிஞ்சாத்தான் கைக்குப் பூ படிஞ்சுதுன்னு அர்த்தம்" என்பார். நெருக்கமாகக் கட்டிய கனகாம்பரச் சரத்தில் நாரும் தெரியாது, காம்பும் தெரியாது. ஒரே ஆரஞ்சுப் பட்டையாக இருக்கும். இரண்டாம் நாளும் அந்த நிறம் அப்படியே இருக்கும். இதழ் கொஞ்சம் துவண்டிருக்கும், அவ்வளவுதான்.

இத்தனை இருந்தும் அது ஏன் இரண்டாம் இடத்தில் இருக்கிறது? வாசனையில்லாத பூ சாமிக்கு ஆகாது என்று பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். சாமிக்கு ஆகாதது கல்யாணத்துக்கும் முழுதாக ஆவதில்லை. கதம்பத்தில் மரிக்கொழுந்தின் பச்சைக்கும் மல்லிகையின் வெள்ளைக்கும் நடுவே ஒரு நிறமாக இடம் கிடைக்கும். பூ என்றாலே மூக்கால் அளப்பது நம்முடைய பழக்கம். நல்ல பழக்கம்தான், வெப்ப நாட்டில் மாலை வாசனை என்பது ஒரு பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஒற்றை அளவுகோலை எல்லாப் பூவின் மேலும் வைக்கும்போது கண் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் போகிறது. புடவைக் கடையில் போய் கனகாம்பரக் கலர் என்று கேட்டால் கடைக்காரர் தயங்காமல் சரியான சேலையை எடுத்துப் போடுவார். மராட்டியிலும் கொங்கணியிலும் இந்தப் பூவுக்கு அபோலி என்று பெயர். அங்கும் அது ஒரு நிறத்தின் பெயராகவே புழங்குகிறது. சிவப்பும் இல்லாத, மஞ்சளும் இல்லாத, ஆரஞ்சுப் பழத்தின் நிறமும் இல்லாத அந்த இடைநிறத்தைச் சுட்ட வேறு பொருள் எதுவும் இரண்டு பண்பாடுகளுக்கும் அகப்படவில்லை. இதை ஒரு சின்னச் சாதனையாக என்னால் நினைக்க முடியவில்லை. மணிக்கொடி இதழின் காலத்து எழுத்தாளர் கு.ப.ராஜகோபாலன் ஒரு சிறுகதைக்கு இந்தப் பூவின் பெயரையே தலைப்பாக வைத்தார். கணவன் மனைவிக்கு இடையிலான மிக மெல்லிய அசைவுகளை எழுதியவர் அவர். மல்லிகை என்று வைத்திருந்தால் அந்தத் தலைப்பு வேறெங்கோ போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. வாசனை தாங்காத பெண்கள் இருக்கிறார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்கள், மசக்கையில் இருப்பவர்கள், வீசிங் உள்ளவர்கள். மூடிய பேருந்திலும் ஏசி அறையிலும் மல்லிகைச் சரம் அவர்களுக்கு வேதனை. பூ வைக்க ஆசை இருந்தும் பூ வைக்காமலேயே பழகிவிடுகிறார்கள். கேட்டால் பிடிக்காது என்று சொல்லிவிடுவார்கள், தலை வலிக்கும் என்று விளக்கம் சொல்ல வெட்கம். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் உண்டு. அவருக்குக் கனகாம்பரம்தான் துணை. தலையில் ஒரு பூ இருக்கிறது, ஆனால் அது யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அந்த மரியாதையை எந்த மல்லிகையும் தந்துவிட முடியாது.

செடிகளின் சொந்தபந்தம் என்று பார்த்தால் கனகாம்பரத்தின் குடும்பம் சாமானியமானதில்லை. டிசம்பர் பூ அதன் உறவு. ஆடாதொடையும் நிலவேம்பும் உறவு. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை நீலகிரியிலும் மூணாறு மலைகளிலும் பூக்கிற நீலக்குறிஞ்சியும் இதே குடும்பம்தான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களைச் சொல்லும்போது அந்தக் குறிஞ்சியும் அதில் வருகிறது. ஒரு குடும்பத்தில் ஒருவர் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து மலையையே நிறைத்துவிட்டு மடிகிறார்; இன்னொருவர் வீட்டு வாசலில் தினம் இரண்டு பூவாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். முன்னதைப் பார்க்க வண்டி பிடித்துக் கூட்டமாகப் போகிறோம். மல்லிகையின் குடும்பத்தில் ஆலிவ் மரம் இருக்கிறது, பவழமல்லி இருக்கிறது. தாவரங்களுக்கு இன்று நாம் வைக்கும் இருசொற் பெயர் முறையைத் தொடங்கிய லின்னேயஸ், 1753இல் குண்டுமல்லியைப் பவழமல்லியின் பேரினத்தில் சேர்த்தார். 1759இல் கனகாம்பரத்தை ஆடாதொடை இருக்கும் பேரினத்தில் வைத்தார். இரண்டையும் பின்னால் வந்தவர்கள் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். சுவீடனில் உட்கார்ந்துகொண்டு காய்ந்த மாதிரிகளையும் படங்களையும் பார்த்தே உறவைச் சரியாக மோப்பம் பிடித்தவர் என்ற மரியாதை எனக்கு அவர் மேல் உண்டு. பேரினம்தான் தவறியது, குடும்பம் தவறவில்லை.

கனகாம்பரத்தின் குடும்பத்துக்கு ஒரு பொதுக் குணம் உண்டு, கிராமத்தில் வளர்ந்த எல்லாக் குழந்தைக்கும் தெரிந்தது. கதிரின் அடியில் காய்ந்து பழுப்பாகிவிட்ட காயை எடுத்து எச்சில் தொட்டுக் கையில் வைத்தால், ஒரு கணம் சும்மா இருக்கும், பிறகு பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். சிறுசு தூக்கிவாரிப் போட்டுச் சிரிக்கும். காய்க்குள்ளே ஒவ்வொரு விதைக்கும் அடியில் ஒரு கொக்கி இருக்கிறது. காய் காய்ந்து முறுகியிருக்கும். ஈரம் பட்டதும் ஓட்டை ஒட்டவைத்திருக்கும் பகுதி இளகி, இரண்டு பக்கமும் சட்டென்று பிரியும். கொக்கி விதையைச் சுண்டி எறியும். வெயிலில் எத்தனை நாள் கிடந்தாலும் அது வெடிக்காது. மழைத்துளி விழ வேண்டும். மண் நனைகிற அந்த நேரம் பார்த்துத்தான் விதையை அனுப்புகிறது. கோடை மழை பெய்த அன்று, முதல் தூறலில், செடிப் பக்கம் போய் நின்றால் படபடவென்று சத்தம் கேட்கும். ஒரு மாதம் கழித்து சுவரோரம், படி இடுக்கு, பக்கத்துத் தொட்டி எங்கும் நாற்று. யாரும் நடாமலே அது வந்து நிற்கிறது என்று முதலில் சொன்னதற்கு இதுதான் காரணம்.

நம் வீட்டு மல்லிகைக்கு இது முடியாது. அடுக்கு மல்லியிலும் ஒற்றை அடுக்கிலும் காய் பிடிப்பது அபூர்வம். எத்தனையோ தலைமுறையாக நாம் கொம்பை வெட்டி, மண்ணில் புதைத்துப் பதியம் போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோகிறோம். ராமேஸ்வரம் போகிற வழியில் தங்கச்சிமடத்தில் அந்தப் பதியன் போடுவதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் நிற்கும் குண்டுமல்லி அந்த மணலில் வேர்விட்டது. அங்கிருந்து வந்து உங்கள் தொட்டியில் நிற்கிற செடி, எப்போதோ ஒருவர் ரசித்துத் தேர்ந்தெடுத்த ஒரு செடியின் துண்டுதான். மனிதக் கை நின்றுவிட்டால் அந்தச் செடியின் வழி அங்கேயே நின்றுவிடும். நினைத்துப் பார்த்தால் நெஞ்சைத் தொடுகிற உறவு அது. ஆனால் அதைப் போலவே கனகாம்பரத்தையும் ஆக்கிவிட்டோம் என்பது எனக்குச் சம்மதமில்லை. டெல்லி கனகாம்பரம் என்று நர்சரிகளில் விற்பது மும்மடியம். அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று. பூ பெரிது, நிறம் அழுத்தம், சந்தையில் மதிப்பும் அதிகம். விதை கிடையாது. கொம்பை வெட்டித்தான் பெருக்க வேண்டும். கதிர் காய்ந்தால் சும்மா காய்ந்து உதிரும். வயலுக்கு அது சரி. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா என்றெல்லாம் ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. பூ விளைவித்துப் பிழைப்பவர்களுக்கு அவையெல்லாம் வேண்டும். வீட்டுக்கு மழையில் வெடிக்கிற செடிதான் வேண்டும்.

நோய் நொடி இரண்டுக்கும் உண்டு. மல்லிகையில் மொட்டுப்புழு, மொட்டு ஈ. ஈ வைத்த மொட்டு ஊதா நிறமாகி விரியாமலே கருகும். கண்டதும் கிள்ளி எரித்துவிட வேண்டும், மண்ணில் போடக் கூடாது. போர்த் தண்ணீரும் சுண்ணாம்பு மண்ணும் உள்ள இடத்தில் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் திரும்பிவிடும். கனகாம்பரத்துக்கு எதிரி மண்ணுக்குள்ளே. நூற்புழு வேரைக் கடித்தால், அந்தக் காயம் வழியாக வாடல் பூஞ்சை ஏறும். நேற்று வரை செழிப்பாக இருந்த செடி மதியத்தில் துவளும், இலை ஊதா சாயல் ஏறும், சில வாரத்தில் காய்ந்துவிடும். மருந்து ஊற்றிப் பயனில்லை. பக்கத்தில் துலுக்கச் சாமந்தி நட்டு வைத்தால் நூற்புழு குறையும். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். போனாலும் கவலைப்பட வேண்டாம். வேறொரு மூலையில் அதன் நாற்று ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும். மல்லிகைச் செடி பத்துப் பதினைந்து ஆண்டு ஒரே இடத்தில் நின்று கொடுக்கும். கனகாம்பரம் இரண்டு மூன்று ஆண்டில் குச்சியும் கட்டையுமாகிவிடும், பிறகு பிள்ளைகளிடம் பொறுப்பை விட்டுவிடும். ஒன்று தனிச்செடியாக நீடிக்கிறது, மற்றது வம்சமாக நீடிக்கிறது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழி தையில் குளிர் விழுந்தால் மல்லிகை வரத்து சுருங்கும். தை பிறந்ததும் முகூர்த்தமும் கூடி வரும். கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது என்று செய்தித்தாளில் ஆண்டுதோறும் வருகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஆண்டு முழுக்கப் பூக்கும் நட்சத்திர மல்லி ரகத்தைக் கொண்டுவந்தது. அந்த விலை நாட்களில் ஒரு முழம் மல்லிகை என்பது கூலிக்குப் போகிற பெண்ணுக்கு யோசித்து வாங்க வேண்டிய பொருள். வாசலில் ஒரு கனகாம்பரம் இருக்கிறவளுக்கு அந்த யோசனை இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் ரெட்டைச் சடைக்கு அம்மா காலையில் ஓடிப்போய்ப் பறித்துவந்து, வாழைநாரில் சட்டென்று கட்டி வைத்துவிடுவாள். இதனால்தான் கனகாம்பரத்தை ஏழைவீட்டுப் பூ என்றார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் இளக்காரம் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. தினமும் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது என்பது ஒரு பூவின் தகுதிக் குறைவாக எப்போது ஆனது?

எனவே நகரத்து அடுக்குமாடியில், காலை வெயில் மூன்று மணி நேரம் எட்டிப்பார்த்துவிட்டு எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடுகிற பால்கனி உள்ளவர்களுக்கு என் பதில் மாறுவதில்லை. மல்லிகையை அங்கே வைத்து, இலையை மட்டும் வளர்த்து, பூக்கவில்லை என்று மாய்வதில் அர்த்தமில்லை. பத்து அங்குலத் தொட்டி, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்த மண், அடியில் தண்ணீர் வடிய நல்ல துளை. கனகாம்பரத்துக்கு இது போதும். பூத்து முடிந்த கதிர்களை வெட்டிவிட்டால் புதுக் கதிர் சீக்கிரம் வரும். இரண்டு கதிரையாவது வெட்டாமல் காயவிட வேண்டும். முழு வெயில் விழும் மாடியோ கொல்லையோ இருப்பவர்கள் மல்லிகையையும் வையுங்கள், கார்த்திகையில் வெட்டத் துணிவிருந்தால். இரண்டையும் ஒரே தொட்டியில் மட்டும் வைக்காதீர்கள்; ஒன்று கேட்கிற காய்ச்சல் மற்றதற்கு ஆகாது.

நர்சரியில் கேட்டால் அநேகமாக டெல்லி கனகாம்பரத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பூவைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய கதிர் ஒன்றைத் தேடி, அதன் அடி அடுக்கில் செதிலைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பழுப்பு நிறத்தில், கோதுமை மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, காய் இருந்தால் அது நாட்டுச் செடி, வாங்கலாம். இல்லையென்றால் தெருவில் நாலு வீடு தள்ளிப் போய், சுவரோரம் முளைத்திருக்கும் நாற்றில் ஒன்றைக் கேளுங்கள். காசு வாங்கமாட்டார்கள்.